இடது ஏழு, வலது எட்டு

மனைவி: மெதுவா... மெதுவா... அந்தப் பெட்டி மேல சாயாதீங்க. மேல இருக்கிறதெல்லாம் மொத்தமா உங்க தலையில இறங்கிடும்.

வந்த பெண்: ஐயோ... மன்னிச்சுக்குங்க அக்கா. கால் வைக்க இடமே...

கடைக்காரர்: கால் வைக்க இடமில்லாத வீட்டுல காலுக்கு மாட்டுறதை விக்கிறோம், என்ன பண்றது! வாங்கம்மா. அப்படியே பக்கவாட்டுல வாங்க, நண்டு மாதிரி. ஆங்... அவ்வளவுதான். அந்த நாற்காலியில இருக்கிற பெட்டியைக் கீழ வச்சுட்டு உக்காருங்க.

மனைவி: கீழ எங்க வைப்பாங்க? மடியில வச்சுக்கச் சொல்லுங்க.

வந்த பெண்: பரவாயில்லக்கா, மடியிலயே வச்சுக்கிறேன். இது... வீடா, கடையா சார்?

கடைக்காரர்: ரெண்டும்தான். இந்தப் பக்கம் குடோன், அந்தப் பக்கம் குடித்தனம். கடை மட்டும் ஆன்லைன்ல.

மனைவி: ஆன்லைன்ல இருந்துச்சுன்னு சொல்லுங்க. இப்ப அங்கயும் பூட்டு.

கடைக்காரர்: வந்தவங்ககிட்ட மொத வார்த்தையே அதுதானா? டீ வேணுமான்னு கேப்பியா...

மனைவி: அடுப்புல வச்சாச்சு. நீங்க கேளுங்க, என்ன விஷயமா வந்தாங்கன்னு.

கடைக்காரர்: சொல்லுங்கம்மா. நேர்ல யாரும் இங்க வர்றதில்ல. அட்ரஸ் எப்படிக் கிடைச்சுது?

வந்த பெண்: ஒரு பார்சல் மேல போட்டிருந்துச்சு சார். எங்க... தெரிஞ்சவங்க வீட்டுல.

மனைவி: தெரிஞ்சவங்க.

வந்த பெண்: ஆமாக்கா.

மனைவி: ம்...

வந்த பெண்: வேலைக்குப் போடுற கறுப்பு ஷூ இருக்காமே சார், லேஸ் வச்சது. நாள் பூரா நின்னாலும் கால் வலிக்காதாம்...

கடைக்காரர்: அது ஒண்ணுதான் இங்க இருக்கு! வேற எதுவும் விக்கிறதில்ல. ஆஸ்பத்திரியில நிக்கிறவங்க, ஓட்டல் அடுப்படியில நிக்கிறவங்க, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன்... நிக்கிறவங்க எல்லாரும் நம்ம ஆளுங்க. எந்த சைஸ் வேணும்?

வந்த பெண்: அது... ஒரு காலுக்கு ஒரு சைஸு, இன்னொரு காலுக்கு வேற சைஸு. அப்படித் தருவீங்களா? இல்லேன்னா பரவாயில்ல சார். சும்மா கேட்டுப் பார்க்கலாம்னு...

கடைக்காரர்: ஏம்மா, கேட்டியா?

மனைவி: கேட்டேன். என் காது நல்லாத்தான் இருக்கு.

கடைக்காரர்: இடது எவ்வளவு, வலது எவ்வளவு?

வந்த பெண்: இடது எட்டு. வலது ஏழு.

கடைக்காரர்: அடடடா! அந்தச் சன்னல் ஓரத்துப் பெட்டியை எடு. எடு எடு. இதைக் குப்பையில போடவும் மனசு வராம, விக்கவும் வழி தெரியாம முழிச்சுட்டு இருந்தோம்மா. எங்கயோ இருந்து வந்து, அதே சைஸை, அதே கால் வரிசையில கேக்கிறீங்களே! நீங்க நல்லா இருக்கணும்.

வந்த பெண்: ஐயோ, அதெல்லாம் பெரிய வார்த்தை சார்... முழு விலையே தந்துடறேன். தள்ளுபடியெல்லாம் வேணாம்.

மனைவி: தள்ளுபடி பத்தி இங்க யாரும் பேசவே இல்லையே. யாருக்கு ஷூ? உங்களுக்கா?

வந்த பெண்: இல்லக்கா, இல்ல. என்கூட வேலை பார்க்கிற பொண்ணுக்கு.

மனைவி: அவங்க வரலையா?

வந்த பெண்: டூட்டி.

மனைவி: பாவம். அவங்களுக்கு எந்தக் கால் பெரிசு?

வந்த பெண்: வலது.

மனைவி: இப்பத்தான் இடது எட்டுன்னீங்க.

வந்த பெண்: ஆமா... இடது. இடதுதான். அவ எதிர்ல நின்னா நமக்கு மாறித் தெரியும்ல, அதான்...

மனைவி: நல்லாத்தான் சமாளிக்கிறீங்க.

கடைக்காரர்: விடேன். கேள்வி கேக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? அவங்களுக்கு டீயைக் கொடு.

மனைவி: இந்தாங்க. சூடா இருக்கு, பார்த்து. ஆமா, உங்க செருப்பு எங்க? வாசல்ல காணோமே.

வந்த பெண்: கீழ... படி ஆரம்பத்துலயே கழட்டிட்டேன்.

மனைவி: கீழயா? இத்தனை மாடியும் வெறுங்காலோட ஏறி வந்தீங்களா?

வந்த பெண்: படியெல்லாம் சுத்தமா இருந்துச்சு...

மனைவி: எங்க வீட்டுப் படியைச் சுத்தம்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்.

வந்த பெண்: சார்... இந்த ஜோடி மட்டும் எப்படி இப்படி ஆச்சு?

கடைக்காரர்: அதுவா? என் தப்புதான்மா.

மனைவி: ஆரம்பிச்சுட்டாரு.

கடைக்காரர்: ஒரே அட்ரஸுக்கு ரெண்டு ஜோடி ஆர்டர். ஒண்ணு ஏழு, ஒண்ணு எட்டு. ஒரே மேஜையில வச்சுக் கட்டினேனா... கை மாறிப்போச்சு. எட்டுப் பெட்டியில இடது எட்டு, வலது ஏழு போயிடுச்சு. வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல.

வந்த பெண்: ...தப்பே இல்லையா?

கடைக்காரர்: அவங்க என்ன பண்ணுவாங்க? கோணலா அனுப்பினது நான்.

மனைவி: நீங்களே சொல்லுங்க தங்கச்சி. இந்த மனுஷன் ஒவ்வொரு ஷூவுக்குள்ளயும் கையை விட்டுத் தடவி, நூல் குத்துதான்னு பார்த்து, அடியில போட்டிருக்கிற நம்பரை வாய்விட்டுப் படிச்சுட்டுத்தான் பெட்டியிலயே வைப்பாரு. பக்கத்துல இருந்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போகும், "இடது ஏழு... வலது ஏழு"ன்னு. இவருக்குக் கை மாறுச்சாம்!

கடைக்காரர்: மனுஷன்தானே. மாறும்.

மனைவி: மாறினா வாயை மூடிட்டு இருக்கணும். இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டாரு.

கடைக்காரர்: கஸ்டமர் மனசு கஷ்டப்பட்டா மன்னிப்புக் கேக்கிறது ஒரு குத்தமா?

மனைவி: குத்தம்தான்! இவருக்கு அது ஒரு வியாதிம்மா. மழையில பார்சல் லேட்டானாலும் மன்னிப்பு, கூரியர்காரரு தப்பான வீட்டுல கொடுத்தாலும் மன்னிப்பு. நாங்க விக்கிற அந்த ஆன்லைன் கம்பெனி என்ன சொல்லிடுச்சு? "கடைக்காரரே தப்பை ஒத்துக்கிட்டாரு, தப்பான பொருள் அனுப்புற கடை இது"ன்னு முத்திரை குத்தி, கடையை மூடிடுச்சு.

வந்த பெண்: மூடிடுச்சா? கடையையேவா?

மனைவி: பின்ன இந்தப் பெட்டியெல்லாம் ஏன் சுவர் மாதிரி நிக்குதுன்னு நினைச்சீங்க? போக வேண்டியதெல்லாம் போகாம நிக்குது. ஏற்கெனவே வித்த பணத்தையும் பிடிச்சு வச்சிருக்காங்க.

வந்த பெண்: ஒரே ஒரு ஜோடிக்காகவா?

கடைக்காரர்: அப்படித்தான்மா அவங்க ரூலு. வாங்கினவங்க சொல்றதுதான் வேதவாக்கு. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு... முகம் தெரியாத ஆள்கிட்ட காசைக் கொடுக்கிறாங்க இல்ல? திருப்பிக் கிடைக்கும்னு நம்பிக்கை இருந்தாத்தானே வாங்குவாங்க. அந்த நம்பிக்கையிலதான் எங்களுக்கும் சோறு.

மனைவி: சோத்துல கல்லும் சேர்ந்து வருதே, அதைச் சொல்லுங்க.

கடைக்காரர்: ஹா... கல்லு நிஜமாவே வந்துச்சும்மா. ஷூ திரும்பி வருதுன்னு பிரிச்சா, உள்ள செங்கல். நல்ல செங்கல். இவ அதை வச்சுத்தான் கதவு அடிக்காம முட்டுக் கொடுத்திருக்கா.

மனைவி: இன்னொருத்தர் தேஞ்சுபோன பழசைப் புதுப் பெட்டியில வச்சு அனுப்பினாரு. உள்ள அவரோட சாக்ஸும் இருந்துச்சு.

கடைக்காரர்: அதைத் துவைச்சு அனுப்பட்டுமான்னு கேட்டேன். பதிலே இல்ல!

வந்த பெண்: அப்பல்லாம் காசு... கம்பெனிதானே கொடுக்கும்?

மனைவி: கம்பெனியா? திருப்பிக் கொடுக்கிற காசு எங்க கணக்குல இருந்துதான் போகும். போன கூரியர் செலவு, வந்த கூரியர் செலவு, அதுவும் எங்க தலையிலதான்.

வந்த பெண்: கம்பெனி காசுன்னுல்ல நினைச்சேன்... அவ்வளவு பெரிய கம்பெனி, அவங்களுக்கு என்ன குறைஞ்சுடப் போகுதுன்னுதானே நான்...

மனைவி: நீங்க?

வந்த பெண்: நான்... பொதுவா சொன்னேன்.

கடைக்காரர்: டீ ஆறுதும்மா. குடிங்க.

வந்த பெண்: இப்ப என்ன சார் ஆகும்? கடை திறக்குமா, திறக்காதா?

கடைக்காரர்: பார்க்கலாம். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க. "உங்க மேல தப்பு இல்லேன்னா ஆதாரம் அனுப்புங்க"ன்னு.

மனைவி: ஆதாரம் இருந்துச்சு! பெட்டி கட்டுறதை ஒவ்வொரு தடவையும் போன்ல வீடியோ எடுப்பாரு. அந்தச் செங்கல்காரனுக்கு அப்புறம் பழகினது. அதையாவது ஒழுங்கா வச்சிருந்தாரா? போன்ல இடமில்லேன்னு அழிச்சுட்டாராம்.

கடைக்காரர்: எத்தனை தடவை அதையே சொல்லுவே...

மனைவி: கடை திறக்கிற வரைக்கும் சொல்லுவேன். இது போச்சுன்னா அடுத்து என்ன பண்றதுன்னு கேட்டா, கூரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு. வீட்டு வாடகை, புள்ள படிப்பு எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

வந்த பெண்: அக்கா... நிறுத்துங்கக்கா. அவரைத் திட்டாதீங்க.

மனைவி: ஏன்?

வந்த பெண்: அவர் கை மாறல. நான்தான் மாத்தினேன்.

கடைக்காரர்: ஏம்மா...

வந்த பெண்: கூட வேலை பார்க்கிற பொண்ணு யாரும் இல்ல சார். நான்தான் அந்த ஆர்டர் போட்டது. ரெண்டு ஜோடியும் சரியாத்தான் வந்துச்சு. ஏழுல இடது, எட்டுல வலது எடுத்துக்கிட்டேன். மிச்சத்தை ஒண்ணாப் போட்டு, தப்பா வந்துடுச்சுன்னு திருப்பிட்டேன்.

மனைவி: உக்காருங்க. எதுக்கு எழுந்திரிக்கிறீங்க?

வந்த பெண்: பொறந்ததுலேருந்தே என் வலது கால் பெரிசுக்கா. எட்டு வாங்கினா இடதுல பஞ்சு அடைக்கணும். ஏழு வாங்கினா வலது நகம் கறுத்துப்போகும். எப்பவும் எட்டுதான், பஞ்சுதான். ஆஸ்பத்திரி வார்டுல இப்பத்தான் வேலை கிடைச்சுது. ட்ரேயோட நடக்கிறப்போ இடது ஷூ மட்டும் பின்னால நின்னுடுச்சு... நான் முன்னால போய் விழுந்தேன். அத்தனை பாட்டிலும் போச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டு நின்னுக்கோன்னு மேற்பார்வை மேடம் சொல்லிட்டாங்க.

மனைவி: அடப் பாவமே...

வந்த பெண்: ரெண்டு ஜோடிக்குக் காசு இல்ல. அந்த ஆப்ல காரணம் கேட்டுச்சு. "பிடிக்கலை"ன்னு போட்டா கூரியர் செலவு நான் தரணும். "தப்பான பொருள்"னு போட்டா ஒண்ணும் தர வேணாம். தட்டிட்டேன்க்கா. ஒரு விரலால தட்டினதுதான்... அது இங்க வந்து இப்படி நிக்கும்னு தெரியாது.

கடைக்காரர்: உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாது.

வந்த பெண்: திட்டி ஒரு மெசேஜ் வந்திருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பித் திட்டிட்டு மறந்திருப்பேன் சார். நீங்க மன்னிப்புக் கேட்டீங்க. என்கிட்ட! இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. நான்தான் எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன். கடைசியில வேற எழுதியிருந்தீங்க, "மீதி இருக்கிற ஜோடியாவது காலுக்கு நல்லாப் பொருந்தட்டும்"னு. அதுக்கப்புறம் அந்த ஷூவைப் போடும்போதெல்லாம் சுருக்குன்னு குத்தும். காலுல இல்ல.

மனைவி: பொருந்துச்சா?

வந்த பெண்: என்னக்கா?

மனைவி: ஷூ. காலுக்குப் பொருந்துச்சான்னு கேட்டேன்.

வந்த பெண்: ...அதை எப்படிச் சொல்றது? வாழ்க்கையில மொத தடவையா ரெண்டு காலும் ஒரே வேகத்துல நடந்துச்சு. அன்னிக்கு வார்டுல இருந்து வீட்டுக்கு பஸ்ஸே ஏறல. சும்மா நடந்தேன். சிரிச்சுக்கிட்டே நடந்தேன், பார்த்தவங்க என்ன நினைச்சாங்களோ.

மனைவி: போ. கீழ போய் அதை எடுத்துட்டு வா.

வந்த பெண்: எதை?

மனைவி: படிக்கட்டுல ஒளிச்சு வச்சிருக்கியே, அதை. அங்க விட்டா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. அந்தக் காலுக்கு இன்னொரு ஜோடிக்கு நான் எங்க போறது?

வந்த பெண்: அக்கா... உங்களுக்கு...

மனைவி: கால் பெருவிரல் முன்னால இடிக்குதான்னு பார்க்கணும். போன்னா போ. மெதுவா, பெட்டி, பெட்டி!

கடைக்காரர்: ...அழுதுட்டே இறங்கிப் போறாம்மா.

மனைவி: நீங்க மட்டும் என்ன பண்றீங்க? கண்ணைத் துடைங்க. வந்துடப் போறா.

கடைக்காரர்: டீ ஆவி.

மனைவி: உங்க டீ எப்பவோ ஆறிப்போச்சு.

கடைக்காரர்: அவளை எதுவும் சொல்லிடாதே.

மனைவி: நான் எங்க சொன்னேன்? நான் திட்டுறதுக்கு இந்த வீட்டுல ஒரு ஆள்தான். ...வந்துட்டா. வா, மூச்சு வாங்காதே. மாட்டு. லேஸை ஏன் இவ்வளவு இறுக்கிக் கட்டுறே? பழைய பழக்கம். இனிமே தளர்த்திக் கட்டு, கழண்டு போகாது. நில்லு. விரலை அசை. ம்... சரியா இருக்கு.

கடைக்காரர்: கொஞ்சம் நடம்மா. அந்தச் சந்துலயே நட. ஆங்... அட, என்ன அழகா விழுது கால்! சத்தம் கேக்குதா? ரெண்டும் ஒரே சத்தம்.

வந்த பெண்: அண்ணா, இந்தாங்க. ரெண்டாவது ஜோடிக்கான காசு. சம்பளம் வந்ததும் எடுத்து வச்சுட்டேன். நான் பொய் சொல்லித் திருப்பினதை நானே வாங்கிட்டுப் போயிடலாம், யாருக்கும் தெரிய வேணாம்னுதான் வந்தேன். காசு கொடுத்தா முடிஞ்சுடும்னு நினைச்சேன்... முடியாது போலிருக்கே. அந்தக் கம்பெனிக்கு நான் எழுதிடறேன்.

கடைக்காரர்: வேணாம்.

வந்த பெண்: ஏன்?

கடைக்காரர்: பொய் சொல்லித் திருப்பினாங்கன்னு உன் பேர்ல எழுதிடுவாங்க. உன் கணக்கை மூடிடுவாங்க.

வந்த பெண்: மூடட்டும். நான் அதுல என்ன, கப்பலா வாங்கப் போறேன்? உங்க கடையைத் திறக்கட்டும்.

கடைக்காரர்: ஆஸ்பத்திரி வரைக்கும் விஷயம் போச்சுன்னா...

வந்த பெண்: ஷூ வாங்கினதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏன்ணா போகப் போகுது? அக்கா, நீங்க சொல்லுங்க. எப்படி எழுதணும்?

மனைவி: நடந்ததை எழுது. அலங்காரமெல்லாம் வேணாம். எழுதுறப்போ படி.

வந்த பெண்: "எனக்கு வந்த இரண்டு ஜோடியும் சரியானவை. என் கால்கள் வேறு வேறு அளவு. நானே மாற்றி வைத்துத் திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குத் திருப்பித் தந்த பணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

கடைக்காரர்: காசை அவங்க உன்கிட்ட எடுத்துக்கிட்டா, இது எதுக்கு? இதை நீயே வச்சுக்க.

வந்த பெண்: அப்ப மன்னிப்புன்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?

மனைவி: ஐயையோ! அது ஒண்ணு மட்டும் வேணாம். இந்த வீட்டுல அந்த வார்த்தையால பட்ட பாடு போதும்.

கடைக்காரர்: சிரிக்காதேம்மா, இவ நிஜமாத்தான் சொல்றா.

வந்த பெண்: அனுப்பிடவா?

கடைக்காரர்: இன்னொரு தடவை யோசிச்சுக்க...

வந்த பெண்: அனுப்பிட்டேன். பதில் வர எவ்வளவு நேரம் ஆகும்க்கா?

மனைவி: தெரியல. நாங்க எழுதினதெல்லாம் கிணத்துல போட்ட கல்லு மாதிரிதான் இருந்துச்சு. வாங்கினவங்க எழுதினா வேற மாதிரி இருக்குமோ என்னவோ. இன்னும் கொஞ்சம் டீ போடட்டுமா?

கடைக்காரர்: போடு. எனக்கும்.

வந்த பெண்: எனக்குப் பயமா இருக்குண்ணா. வேலைக்கு இன்டர்வியூ போனப்போகூட இப்படி இல்ல.

கடைக்காரர்: பயப்படாதே. திறக்கலேன்னாலும் நீ வந்தியே, அது போதும். சும்மா வாய்க்குச் சொல்லலம்மா. எத்தனையோ பேரு திருப்பி அனுப்பியிருக்காங்க. பெட்டி மட்டும்தான் திரும்பி வரும். ஆளு திரும்பி வந்தது இதுதான் மொத தடவை.

மனைவி: ஏங்க...

கடைக்காரர்: இரு, அவகிட்ட பேசிட்டு இருக்கேன்ல.

மனைவி: உங்க போன் மின்னுதுங்க!

கடைக்காரர்: எங்க? கண்ணாடி எங்க? நீ படி, நீ படி.

மனைவி: இந்தா, நீ படிம்மா.

வந்த பெண்: "வாங்கியவர் புகாரைத் திரும்பப் பெற்றுள்ளார்... உங்கள் மீதான குறிப்பு நீக்கப்படுகிறது... உங்கள் கடை மீண்டும் திறக்கப்பட்டது." அண்ணா, திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சுக்கா!

மனைவி: ...அப்பாடா. அப்பாடா... கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.

கடைக்காரர்: பெட்டி மேல உக்காராதே! சரி... உக்காரு, உக்காரு, உடைஞ்சா உடையட்டும். ஏம்மா, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

வந்த பெண்: எனக்கா? நான் மூடின கடைண்ணா இது!

கடைக்காரர்: மூடின ஆளு யாருன்னு எனக்கு எதுக்கு? திறந்த ஆளு எதிர்ல நிக்குது.

வந்த பெண்: ...இப்படிப் பேசினா நான் மறுபடியும் அழுதுடுவேன். டூட்டிக்கு நேரமாச்சு. கிளம்புறேன்க்கா. அந்த ஜோடியை...

மனைவி: அது இங்கயே இருக்கட்டும். இடது எட்டு, வலது ஏழுன்னு ஒரு கால் எங்கயோ பஞ்சு வச்சு நடந்துட்டு இருக்கும். அதுவும் ஒரு நாள் வரும். உனக்கு இது தேஞ்சா நேரா இங்க வா. ஆப்ல தட்டாதே. நானே பிரிச்சு எடுத்துத் தர்றேன்.

வந்த பெண்: வர்றேன்க்கா. வர்றேன்ணா.

கடைக்காரர்: பார்த்து இறங்கும்மா... போயிட்டா. கேளு, படியில அந்தச் சத்தத்தைக் கேளு.

மனைவி: கேக்குது.

கடைக்காரர்: ...உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

மனைவி: திட்டுவேன். சொல்லுங்க.

கடைக்காரர்: அந்த வீடியோ... அழியல.

மனைவி: ம்.

கடைக்காரர்: என் போன்லயேதான் இருந்துச்சு. திரும்பி வந்த பெட்டியைப் பிரிச்ச அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஒரு பெட்டியில கால் மாறியிருந்தா இன்னொரு பெட்டியிலயும் மாறியிருக்கணுமில்ல? அதைப் பத்தி மூச்சே விடலையே. அப்ப அவங்க வச்சுக்கிட்ட கோணல் ஜோடி யாரோ ஒருத்தருக்குச் சரியா இருக்கு. ஏமாத்துறவங்க செங்கல் வைப்பாங்க. இது ஒவ்வொண்ணையும் துடைச்சு, தாள் சுத்தி வந்திருந்துச்சு. வீடியோவை அனுப்பினா அந்த ஷூவைப் பிடுங்கிடுவாங்கன்னு தோணுச்சு... ஒரு ஜோடி நஷ்டம், போகட்டும்னு மன்னிப்புக் கேட்டு முடிச்சுட்டேன். கடையையே மூடுவாங்கன்னு நினைக்கல. அதுக்கப்புறம் தினமும் காலையில போனை எடுப்பேன், அனுப்பிடலாம்னு. வச்சுடுவேன். இன்னிக்கும் அவ கதவைத் தட்டினப்போ கையில அதுதான் இருந்துச்சு. உன்னையும் புள்ளையையும் நினைக்காம இப்படிப் பண்ணிட்டேனேன்னு...

மனைவி: தெரியும்.

கடைக்காரர்: என்ன தெரியும்?

மனைவி: எல்லாம்தான். நீங்க குளிக்கப் போனப்போ உங்க போன்ல அந்த வீடியோவைப் பார்த்தேன். அழிச்சுட்டேன்னு நீங்க சொன்ன அன்னிக்கே. நானும் அனுப்பணும்னு எடுத்தேன், எத்தனையோ தடவை. விரல் போகல.

கடைக்காரர்: அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாளும் என்னை அந்தத் திட்டு திட்டினே?

மனைவி: திட்டாம இருந்திருந்தா எனக்கும் தெரியும்னு கண்டுபிடிச்சிருப்பீங்க. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருப்போம்... பேசியிருந்தா, பயந்துபோய் அதை அனுப்பியிருப்போம்.